கோடு தெரியக்கூடாது

மழைக்காலத்தில் எங்கள் தையல்கடைக்குள் கால் வைக்கிறவர்களுக்கு முதலில் தூக்கம்தான் வரும். பொய்யில்லை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து எழும் ஆவி, ஈரத்துணி சூடுபட்டுக் காயும் மணம், மிஷின் போடும் ஒரே சுதியான முனகல், எல்லாம் கலந்து கண்ணைச் சொக்கிவிடும். அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆள் அப்படியே கொட்டாவி விட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலோர முக்காலி என் இடம். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடித்துக் கையால் தைப்பது, இவ்வளவுதான் என் வேலை. பேசுவது உபரி. அதனால் எல்லாருக்கும் நான் காஜாக்கா. இவள் வாய்க்கு ஒரு காஜா எடுத்துப் பட்டன் போட்டால் தேவலை என்பார் மாஸ்டர். போடட்டுமே, பார்க்கிறேன்.

மாஸ்டர்தான் கடைக்காரர். வெட்டுவது முழுக்க அவர். தைப்பது அவர் மனைவி, எங்களுக்கு மாஸ்டரம்மா. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு திரைதான். அந்தப் பக்கம் சோறு கொதிக்கும், இந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி கொதிக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, வெட்டுமேசைக்கு அடியில் ஒரு ஜீவன் வாழ்ந்தது. அவர்கள் மகள், ஐந்து வயது. ஆளும் பொடி, பெயரும் பொடி. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேறு பெயர் ஒன்று வைத்திருந்தார்கள், ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பள்ளி திறக்கும் முன் வரும் மாதம் எங்களுக்குத் தலைபோகிற மாதம். ஊர்ப் பிள்ளைகளின் சீருடை எல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வரும். கருநீலத் துணி, கட்டுக்கட்டாக. மாஸ்டர் அதை விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, வெள்ளைச் சாக்கட்டியால் கோடு இழுப்பார். இடுப்புக்கு ஒரு நேர்கோடு, கைக்கு ஒரு வளைவு. சாக்கட்டித் தூள் ஜன்னல் வெளிச்சத்தில் எழுந்து, இறங்க மனசில்லாமல் அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனையோ தடவை ஊசி விரலில் இருக்க அசந்திருக்கிறேன்.

வெட்டித் தைத்து முடித்ததும் கோடு போக வேண்டும். அது மாஸ்டரின் சட்டம்.

"கோடு நமக்குத்தாம்மா. போடுறவங்க கண்ணுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா வேலை முடியலன்னு அர்த்தம்" என்று மகளிடம் சொல்வார்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. போன வருஷம் ஒரு பெரிய மனிதருக்குக் கோட்டு தைத்துக் கொடுத்தோம். அவசரத்தில் பின்தோள் பக்கம் ஒரு சாக்கட்டிக் கோடு நின்றுவிட்டது. அந்த ஆள் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்து, நாலு பேர் பார்க்கக் கோட்டைக் கழற்றி மேசையில் எறிந்தார். "என் முதுகுல கோடு கிழிச்சு ஊரையே சிரிக்க வச்சிட்டியே, நீயெல்லாம் ஒரு டெய்லரா?" என்று கத்தினார். மாஸ்டர் துணி பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி தலை குனிந்து நின்றார். எனக்கு வாய் துறுதுறுத்தது. மாஸ்டர் கண்ணாலேயே அடக்கிவிட்டார். பொடி மேசைக்கு அடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அந்தப் பிரஷ் அவள் கைக்குப் போய்விட்டது. தைத்து வருகிற ஒவ்வொரு துணியையும் மடியில் போட்டு, உள்ளும் புறமும் புரட்டி, ஒரு கோடு விடாமல் தட்டித் துடைத்து, மடித்து, முடிந்த அடுக்கில் வைப்பாள். எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. மேனேஜரம்மா பார்த்துட்டாங்களா என்று கேட்டுவிட்டுத்தான் துணியைப் பையில் போடுவோம்.

இந்த வருஷம் அந்த வீட்டில் இரண்டு பேர் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. பொடி படிக்க, அவள் அம்மா சொல்லிக்கொடுக்க. ஊர்க்கோடியில் ஒரு தையல் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே வெட்டும் முறை சொல்லித்தர மாஸ்டரம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்கும் வெட்டத் தெரியும், எங்கள் மேசையில்தான் அதற்கு இடமில்லை. பள்ளி திறக்கும் அன்றைக்கே அங்கேயும் வகுப்பு ஆரம்பம். அவள் அதைச் சொன்ன நாளில் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திரைக்கு அந்தப் பக்கம் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தாள். ஆனால் பொடிக்கு இடம் கிடைத்தால்தான் அதெல்லாம் நடக்கும். சூடான பெட்டியும் கத்தரியும் கிடக்கிற கடையில், குனிந்த தலை நிமிராமல் வெட்டுகிற மனிதரை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் போவாள்?

பள்ளியில் சேர்க்குமுன் பிள்ளையின் கை எழுத வருமா என்று பார்ப்பார்களாம். மாஸ்டரம்மா அதற்காகப் பொடியைத் தினமும் உட்கார வைத்துப் பென்சிலால் எழுத வைத்தாள். பிள்ளையும் எழுதினாள். 'அ' எழுதுகிற அழகைப் பார்த்து மாஸ்டர், "கைக்கு வளைவு வெட்டுற மாதிரியே போடுறா பாருங்கக்கா" என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். அதனால் அன்றைக்கு அவர்கள் குடை பிடித்துக்கொண்டு கிளம்பியபோது எங்கள் யாருக்கும் கவலையே இல்லை.

திரும்பி வந்தபோது மாஸ்டரம்மா குடையை விரிக்கவில்லை. கையில் மடக்கிப் பிடித்தபடி நனைந்தே வந்திருந்தாள்.

"என்னாச்சுடி?" என்றேன்.

"சிலேட்டு காலிக்கா."

"என்னது?"

"ஒண்ணுமே எழுதல. எல்லாப் பிள்ளைங்க கையிலயும் சிலேட்டும் சாக்கட்டியும் குடுத்து, தெரிஞ்ச எழுத்து ஒண்ணு எழுதுங்க, ஒரு வட்டம் போடுங்கன்னு சொல்லிட்டு டீச்சர் ஒவ்வொருத்தரா பாத்துக்கிட்டு வந்திருக்காங்க. ஒருத்தன் வட்டம் போடச் சொன்னா உருளைக்கிழங்கு போட்டு வச்சிருந்தானாம், அவனுக்கும் இடம் குடுத்தாச்சு. நம்ம மகராசி மட்டும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாளாம். ரெண்டாவது தடவை சொல்லியும் அதே காலி சிலேட்டு."

"புது இடம், பயந்திருப்பா" என்றார் மாஸ்டர்.

"யாரு, இவளா பயப்படுவா? கை இன்னும் எழுதப் பழகல போலிருக்கும்மா, ஒரு வருஷம் போகட்டும், ஒண்ணும் அவசரமில்லன்னு டீச்சர் சொன்னாங்க. கோவமா சொல்லியிருந்தாலும் பரவாயில்ல, ரொம்ப நல்லவிதமா சொன்னாங்க. அதான் தாங்கல. வேணும்னா வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்கன்னாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பழகாத கையா இது? கீழ சிந்தின குண்டூசியை ஒண்ணு விடாம பொறுக்குற கை. பட்டனைக் கலர் கலரா நூல்ல கோக்குற கை. பாபின்ல நூல் சுத்துற கை. நான் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தேடுற நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால நறுக்குன்னு வெட்டுற கை. இதைப் போய்ப் பழகாத கைங்குறாங்களே!"

"அதையெல்லாம் அவங்க எங்கக்கா பாத்தாங்க? அவங்க பாத்தது சிலேட்டைத்தானே" என்றாள் மாஸ்டரம்மா. அவள் சொன்னதும் நியாயம்தான்.

பிறகு பிள்ளையைத் தன் முன்னால் நிறுத்தினாள். "ஏண்டி எழுதல?"

"எழுதினேன்."

"பொய் சொல்லாத. எழுதினா எங்கடி போச்சு?"

"முடிஞ்சிருச்சும்மா."

"என்னடி முடிஞ்சிருச்சு?"

"எழுதினது."

பளாரென்று ஒன்று வைத்தாள். அதுவரை அந்த வீட்டில் பிள்ளை மேல் கை விழுந்து நான் பார்த்ததில்லை. பொடி அழவில்லை. கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துவிட்டு, மேசைக்கு அடியில் போய்விட்டாள். அடித்தவள்தான் திரைக்குப் பின்னால் போய் அழுதாள்.

மாஸ்டர் சும்மா இருந்திருக்கலாம். அவருக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

"விடு. ஒரு வருஷம்தானே? நம்மகூடவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"உங்களுக்கு ஒரு வருஷம்தான். அங்க எனக்காக ஒரு வருஷம் நாற்காலியைத் துடைச்சு வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்களா?"

"நான் அதுக்குச் சொல்லல."

"அதுக்குத்தான் சொன்னீங்க. இவ இங்கயே கிடந்தா உங்களுக்குச் சந்தோஷம். நானும் இங்கயே கிடந்தா ரெட்டைச் சந்தோஷம். உங்க கோடு, உங்க பிரஷ்ஷு, உங்க மேனேஜரம்மா. நான் மட்டும் எங்கயும் தெரியக்கூடாது, அப்படித்தானே?"

மாஸ்டர் கத்தரியை எடுத்துக்கொண்டார். துணி வெட்டுப்படும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தத் துணி கொஞ்சம் கோணலாகத்தான் போயிற்று, நான் பார்த்தேன்.

அடுத்து வந்த நாட்களில் பொடி பென்சிலையே தொடவில்லை. கையில் திணித்தால் கத்தியைப் பிடிக்கிற மாதிரி முஷ்டியில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், மிட்டாய் காட்டினாள், விரலைப் பிடித்துத் தானே எழுதினாள். பிள்ளையின் கண் மட்டும் மழை வழிகிற ஜன்னல் கண்ணாடியில் இருந்தது. எழுதினேன் என்று சொன்னால் பொய் என்கிறார்களே, இனி எதற்கு எழுத வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. கடையே ஒரு மாதிரி மந்தமாகிவிட்டது. டீ ஆறிப்போனது, ரொட்டியைத் தொட ஆளில்லை. நானே பேச்சைக் குறைத்துக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கு முந்தின நாள், மதியம் சாப்பிட்ட நேரம், கரண்டு போயிற்று.

மிஷின் பாதித் தையலில் நின்றது. அத்தனை நாளும் காதை அடைத்துக்கொண்டிருந்த முனகல் சட்டென்று போனதும், கடை தண்ணீருக்குள் இறங்கிவிட்டதைப் போல் இருந்தது. தகரக் கூரையில் தூறல். வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற ஒலி. மாஸ்டர் மேசையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மாஸ்டரம்மா மிஷின் மேலேயே தலையைச் சாய்த்திருந்தாள். எனக்கும் அரைத் தூக்கம். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிறீச், கிறீச் என்று, எலி சுரண்டுகிற அளவுக்குச் சின்னச் சத்தம்.

மாஸ்டர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் உதட்டில் விரல் வைத்தேன். மாஸ்டரம்மாவும் தலை நிமிர, மூன்று பேரும் மெதுவாகக் குனிந்தோம்.

மேசைக்கு அடியில் பொடி கருநீலத் துண்டுத் துணி ஒன்றை விரித்து வைத்து, ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சாக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியைப் பிடிக்க, நடுவிரல் கீழே தாங்கியது. அப்பா பிடிக்கிற அதே பிடி. ஒரு 'அ'. பக்கத்தில் ஒரு 'ஆ'. அப்புறம் ஒரு வட்டம். உருளைக்கிழங்கு இல்லை, நிஜமான வட்டம்.

மாஸ்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை எங்களைப் பார்க்கவில்லை. எழுதியதைத் தலையைச் சாய்த்து ஒரு தரம் பார்த்தாள். பிறகு பிரஷ்ஷை எடுத்தாள். சர் சர்ரென்று நாலு தட்டு. எழுத்தும் போயிற்று, வட்டமும் போயிற்று. துணியை நாலாக மடித்தாள். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துண்டுகளின் மேல் அதையும் வைத்தாள். அடுக்கு அவள் முழங்கால் உயரம் இருந்தது.

"அடிப்பாவி மகளே" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பொடி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மாஸ்டர் மேசைக்கு அடியில் ஊர்ந்து போனார். அந்த நீள உடம்பை எப்படித்தான் மடக்கினாரோ.

"ஏம்மா அழிச்ச?"

"முடிஞ்சிருச்சுல்ல?"

"பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் அழிச்சியா?"

"கையால துடைச்சேன். அங்க பிரஷ் இல்லப்பா."

"அய்யோ" என்றாள் மாஸ்டரம்மா.

"சிலேட்டுல எழுதினதை அழிக்கக்கூடாதும்மா. டீச்சர் பாக்கணும்ல?" என்றார் மாஸ்டர்.

"பாத்தாத் திட்டுவாங்க."

"யாரைத் திட்டுவாங்க?"

"உங்கள. கோடு தெரிஞ்சா உங்களத்தானே திட்டுவாங்க?"

மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேசை விளிம்பு தலையில் இடித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக அந்தப் பிள்ளை எங்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கவில்லை. அப்பனுக்குக் காவல் இருந்திருக்கிறாள். ஊசியை எங்கே குத்தி வைத்தேன் என்று தெரியாமல் தேடினேன்.

மாஸ்டரம்மாவும் உள்ளே நுழைந்து மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அடித்த கன்னத்தைத் தடவினாள். "நீ பொய் சொல்லலடி. அம்மாவுக்குத்தான் புத்தி இல்ல" என்றாள். பொடி அவசர அவசரமாக அம்மா சேலையில் ஒட்டிய சாக்கட்டித் தூளைத் தட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் முழுக்க மாஸ்டர் விளக்கிப் பார்த்தார். துணி வேறு, சிலேட்டு வேறு என்றார்.

"எதுக்கு வேற?"

"துணியில போடுறது வேலைக்கு. சிலேட்டுல போடுறது மத்தவங்க பாக்க."

"தெரிஞ்சா வேலை முடியலன்னு அர்த்தம்னு நீங்கதான சொன்னீங்க?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "என்னை ஏன் பாக்குறீங்க? சட்டம் போட்டது நீங்க" என்றேன். பொடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அது ஒப்புக்கொண்ட தலையாட்டலா, விட்டால் போதும் என்ற தலையாட்டலா, கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்க, மாஸ்டர் கடையைச் சாத்தினார். சீருடை மாதத்தில் நான் பார்த்து அது நடந்ததே இல்லை. வெளியே போனால் மட்டும் போடுகிற ஒரே நல்ல கருப்புச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்தார். என்னையும் கூட வரச் சொன்னாள் மாஸ்டரம்மா. சொல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

டீச்சர் சின்ன வயதுதான். குரலில் தூக்கக் கலக்கமும் பொறுமையும் இருந்தன. மாஸ்டரம்மா நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். டீச்சர் பாதியிலேயே சிரித்தார்.

"வீட்ல நல்லா எழுதுவான்னு சொல்லாத அம்மா யாருங்க? நானும் ஒரு அம்மாதான். நீங்க வெளிய வராந்தாவுல நில்லுங்க. பேச வேணாம், சைகை சொல்ல வேணாம். எழுதிட்டான்னா எனக்கும் சந்தோஷம்தான்."

உள்ளே இரண்டாம் தடவையாக வந்த பிள்ளைகள் நாலைந்து பேர். ஆளுக்கொரு சிலேட்டு. ஜன்னல் வழியாக நாங்கள் மூவரும் எட்டிப் பார்த்தோம். மழை விட்டிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. வகுப்பறைச் சுவரின் வெளிர்பச்சை வெளிச்சத்தில் அந்தப் பிள்ளைகள் கனவில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி அசையாமல் இருந்தார்கள். பொடி சாக்கட்டியை எடுத்தாள். நுனிவிரலால், அழகாக. எழுதத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்தா கதவோரம் ஒரு பிள்ளை "அம்மா" என்று வீறிட வேண்டும்? டீச்சர் எழுந்து போய் அதைத் தூக்கிக்கொண்டார். எங்கள் பிள்ளைக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

பொடி 'அ' எழுதி முடித்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வலது உள்ளங்கை மெல்ல எழுந்தது.

"போச்சு" என்றேன் நான். மாஸ்டரம்மா என் கையை நகம் பதியப் பிடித்தாள். டீச்சர் இன்னும் திரும்பவில்லை. துடைத்துவிட்டால் மறுபடியும் காலிச் சிலேட்டு, ஒரு வருஷம், எல்லாம் முடிந்தது. உள்ளங்கை சிலேட்டுக்கு மேல் நின்றது. பொடி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். அப்பாவைத்தான் பார்த்தாள். அவரை யாராவது திட்டுகிறார்களா என்று பார்த்திருப்பாள்.

மாஸ்டர் பேசவில்லை, சைகையும் காட்டவில்லை. சட்டைப் பையில் கைவிட்டார். சாக்கட்டி இல்லாமல் அந்த மனிதர் வெளியே போனதில்லை. எடுத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்த நல்ல கருப்புச் சட்டையின் முன்பக்கத்தில், இந்தத் தோளிலிருந்து அந்த விலா வரைக்கும், பெரிதாக ஒரு 'அ' போட்டார். போட்டுவிட்டுச் சாக்கட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு நின்றார். வராந்தாவில் போன ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். மாஸ்டர் அசையவில்லை.

பொடி அந்தச் சட்டையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் சிலேட்டைப் பார்த்தாள். உயர்ந்த கையை மெதுவாக இறக்கினாள். அந்தக் கையை நம்ப முடியவில்லையோ என்னவோ, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் நன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சர் அழுத பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வந்து, சிலேட்டைப் பார்த்து நின்றார்.

"நீயா எழுதின?"

பொடி தலையாட்டினாள்.

"ரொம்ப நல்லா இருக்கே. முடிச்சிட்டியா?"

"இல்ல" என்றாள் பொடி. "தெரியுதே."

டீச்சருக்குப் புரியவில்லை. பிள்ளை பார்க்கிற பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். மாஸ்டர் சட்டையைப் பார்த்தார். அப்புறம் மாஸ்டரம்மா முகத்தைப் பார்த்தார். சற்று முன் பாதியில் நிறுத்திய பேச்சு அவருக்கு இப்போது நினைவு வந்திருக்க வேண்டும்.

"சரி. முடிக்காமயே இருக்கட்டும். திங்கக்கிழமை ஸ்கூல் திறந்ததும் வந்து மிச்சத்தை எழுதலாம்" என்றார். மாஸ்டரம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

கடைத்தெரு வழியாகத்தான் திரும்பினோம். "மாஸ்டர், சட்டையில கோடு" என்று நாலு பேராவது சொன்னார்கள். "தெரியும்" என்றார் ஒவ்வொருவரிடமும். கோட்டைக் கழற்றி எறிந்த ஆள் அன்றைக்கு எதிரில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

கடைக்கு வந்ததும் மாஸ்டரம்மா கருநீலத் துணியை விரித்து மகளை அளவெடுத்தாள். அந்த மேசையில் அவள் கத்தரி பிடித்து அன்றுதான் பார்த்தேன். மாஸ்டர் ஒதுங்கி நின்று இடம் விட்டார். பொடி அளவு கொடுத்துவிட்டு, வழக்கம்போலப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். முக்காலியில் ஏறினாள், என் முக்காலிதான். சட்டையில் இருந்த எழுத்தைக் கிட்டே பார்த்தாள். பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டு, அப்பா பையில் கைவிட்டுச் சாக்கட்டியை எடுத்தாள்.

அளவு கொடுக்கிறவர் மாதிரி மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். பொடி, 'அ'வுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு 'ஆ' எழுத ஆரம்பித்தாள்.

"இந்தச் சட்டைய நான் துவைக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் மாஸ்டரம்மா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.